மானிட்டர் இல்லாத பழைய கணினியில் பாட்டு, கட்டுப்பாடு கைபேசியில்: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டிருப்பதன் சாரம் இது. மானிட்டர் பழுதாகிப் போனதால் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்கில் தமிழும் மலையாளமுமாகப் பல ஆண்டுகள் சேர்த்த எம்பி3 பாடல்கள் இருக்கின்றன. கூடத்தில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் உண்டு. புதிதாக மானிட்டர் வாங்காமல், வயதான அப்பா தம் கைபேசியிலிருந்தே பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கேட்க வழி உண்டா, அதற்கு எந்த மென்பொருள் நல்லது என்கிறார். ப்ளூடூத் வேண்டாம், யாராவது அழைத்தால் பாட்டு நின்றுவிடுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். கேள்வி மென்பொருளைப் பற்றியதாகத் தோன்றினாலும், கரண்ட் போய் வந்த பிறகும் யாரும் விசைப்பலகையைத் தொடாமலேயே தானாக எழுந்து, அப்பாவின் கைபேசிக்குக் கட்டுப்பட்டுப் பாடக்கூடிய ஒரு பெட்டியாக அதை மாற்ற முடியுமா என்பதையே அவர் உண்மையில் கேட்கிறார். முடியும். பாலக்காட்டுக்குக் கிழக்கே இந்த எல்லைப் பகுதியில் கணினிப் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: மென்பொருள் இதில் எளிய பகுதி. திரை இல்லாத கணினி எந்தெந்த இடத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடும் என்று யோசித்து, அந்த வழிகளை முன்கூட்டியே அடைப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

மென்பொருளை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வேலைக்கு என் பரிந்துரை மியூசிக் பிளேயர் டீமன், சுருக்கமாக எம்பிடி. 2003 இல் வாரன் டியூக்ஸ் தொடங்கி, பின்னர் மாக்ஸ் கெல்லர்மன் பொறுப்பேற்று வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள் இது. இதற்கென்று திரையில் தெரியும் முகம் எதுவும் கிடையாது. கணினியின் பின்னணியில் ஓடிக்கொண்டு, பாடல்களைப் பட்டியலிட்டு வைத்து, வீட்டு நெட்வொர்க்கில் 6600 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) கட்டளைக்காகக் காத்திருக்கும். கைபேசியில் இருக்கும் செயலி டிவி ரிமோட்டைப் போன்றது. 'இந்தப் பாட்டைப் போடு', 'நிறுத்து', 'ஒலியைக் கூட்டு' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஒலி கைபேசியின் வழியாக வருவதே இல்லை. டிஸ்கில் இருக்கும் பாட்டைக் கணினியே படித்து, நேராக ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது. ஆகவே அழைப்பு வந்தாலும், கைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலும், அப்பா அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாலும், வீட்டில் பாட்டு பாடிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிக்கு எம்.ஏ.எல்.பி. என்ற செயலி போதும். அது இலவசம், கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்திலும் கிடைக்கிறது.

இனி பெட்டிக்கு வருவோம். மானிட்டர் வாங்க வேண்டாம். ஆனால் ஒரு நாளுக்கு ஒன்றை இரவல் வாங்கியாக வேண்டும். அதுவும் கிடைக்கவில்லையென்றால் வீட்டு டிவியின் பின்புறத்தைப் பாருங்கள். பழைய எல்சிடி டிவிகள் பலவற்றில் விஜிஏ சாக்கெட் உண்டு. திரை தேவைப்படுவது முக்கியமாக பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்காகத்தான். அங்கே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கரண்ட் போய் வந்ததும் கணினி என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்றோ அதையொட்டிய பெயரிலோ, பெரும்பாலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் இருக்கும். அதை 'பவர் ஆன்' என்று வைக்க வேண்டும். இரண்டாவது, 'ஹால்ட் ஆன்' என்ற அமைப்பு. விசைப்பலகை இல்லை என்று கண்டால் பல பழைய போர்டுகள் அங்கேயே நின்றுவிடும். இதை 'நோ எரர்ஸ்' என்று மாற்றினால் அப்படி நிற்காது.

இவ்விரண்டையும் சரியாக வைத்த பிறகும் ஒரு சிறு பொருள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 பேட்டரிதான் அது. சும்மா கிடந்த கணினியில் அது பெரும்பாலும் செத்திருக்கும். செத்த பேட்டரியோடு கரண்ட் போனால் நீங்கள் செய்த அமைப்பு முழுவதும் அழிந்து, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பல போர்டுகளில் 'தொடர எஃப்1 விசையை அழுத்தவும்' என்ற செய்தி வேறு வந்து நிற்கும். திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை என்னும்போது விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், பாட்டு வராது, காரணமும் தெரியாது. 'நேற்று வரை பாடியது, இன்று பாடவில்லை' என்று கடைக்குக் கொண்டுவரப்படும் இப்படிப்பட்ட பெட்டிகளில் நான் முதலில் கை வைப்பது இந்த பேட்டரியில்தான். ஆகவே பயாஸைத் தொடுவதற்கு முன்பே புதிய பேட்டரி போட்டுவிடுங்கள். பேட்டரியையும் அந்த இரண்டு அமைப்புகளையும் மாற்றிய பிறகு, சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டு, விசைப்பலகையும் மானிட்டரும் இல்லாமலேயே கணினி எழுகிறதா என்று சோதியுங்கள். இந்தச் சோதனையில் தேறாத பெட்டியில் மேற்கொண்டு எதையும் நிறுவுவது வீண்வேலை.

அடுத்து இயங்குதளம். விண்டோஸிலும் எம்பிடி ஓடும் என்றாலும், கேட்பாரற்றுக் கிடக்க வேண்டிய பெட்டிக்கு டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையே சொல்வேன். நிறுவும்போது டெஸ்க்டாப் சூழல் எதையும் தேர்ந்தெடுக்காமல், எஸ்எஸ்ஹெச் சர்வர் என்ற ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு அதன் வழியாக, வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ உள்ளே நுழைந்து மீதி வேலையைச் செய்யலாம். கணினி 64 பிட் வகையாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். 2025 இல் வந்த டெபியன் 13 ஐ 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது, அதற்கு டெபியன் 12 தான் வழி. கோர் 2 டுவோவும் அதற்குப் பின் வந்த டெஸ்க்டாப் சிப்புகளும் 64 பிட்தான். பாட்டு இருக்கும் அதே டிஸ்கில் நிறுவுவதாக இருந்தால், தொடங்குவதற்கு முன்பே பாடல்கள் முழுவதையும் வேறொரு டிஸ்கிற்குப் பிரதி எடுத்துவிடுங்கள். பகுதிகளைப் பிரிக்கும் திரையில் ஒரே ஒரு தவறான 'யெஸ்' போதும், சேர்த்ததெல்லாம் போய்விடும்.

பாடல்களைத் தனி டிஸ்கில் வைப்பது நல்லது. அது விண்டோஸில் இருந்து வந்ததென்றால் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு அமைப்பில் இருக்கும். லினக்ஸ் அதைப் படிக்கும், ஆனாலும் திடீரென்று கரண்ட் போகும் இடத்தில் அதை எழுதும் நிலையில் வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை. ஒன்று லினக்ஸின் சொந்த அமைப்பான இஎக்ஸ்டி4 ஆக மாற்றிப் பாடல்களைத் திரும்பப் பிரதி எடுங்கள், அல்லது படிக்க மட்டும் முடியும் நிலையில் இணையுங்கள். இந்த இணைப்பை எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் எழுதும்போது டிஸ்கை அதற்கே உரிய யூயூஐடி அடையாள எண்ணால் குறிப்பிட்டு, விருப்பங்களில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்தாக வேண்டும். அந்தச் சொல் இல்லாமல், என்றாவது அந்த டிஸ்க் எழவில்லை என்றாலோ யூஎஸ்பி வயர் தளர்ந்திருந்தாலோ, கணினி முழுவதும் அவசரநிலை முறைக்குப் போய் விசைப்பலகைக்காகக் காத்திருக்கும். நெட்வொர்க்கும் எழாது, வெளியிலிருந்து நுழையவும் முடியாது. இன்னொன்று, எம்பிடி தனக்கென்று ஒரு பயனர் பெயரில் ஓடுகிறது. உங்கள் சொந்த ஹோம் கோப்புறைக்குள் பாடல்களை வைத்தால், அதற்குள் நுழைய எம்பிடிக்கு அனுமதி இருக்காது. கைபேசியில் பட்டியல் வெறுமையாகத் தெரியும். பாடல் கோப்புக்கு மட்டுமல்ல, அதற்கு மேலுள்ள ஒவ்வொரு கோப்புறைக்கும் அனுமதி வேண்டும்.

எம்பிடியின் கட்டமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டியவை சிலவே. பாடல் கோப்புறை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் கட்டளையை மட்டும் ஏற்கும் 'லோக்கல்ஹோஸ்ட்' அமைப்பை, நெட்வொர்க்கிலிருந்தும் ஏற்கும்படி மாற்ற வேண்டும். புதுப் பாட்டுப் போட்டதும் தானே பட்டியலில் சேர்க்கும் 'ஆட்டோ அப்டேட்' வசதியை இயக்கலாம். இவை எல்லோரும் சொல்வதுதான். அதிகம் பேர் சொல்லாதது 'ரெஸ்டோர் பாஸ்டு' என்ற அமைப்பு. எம்பிடி தான் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் இருந்தது என்பதை ஒரு கோப்பில் அவ்வப்போது எழுதி வைத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்துக்கு அருகிலிருந்து பாடத் தொடங்கும். பகலில் இது வசதி. மாலையில் பாடிக்கொண்டிருந்தபோது போன கரண்ட் நள்ளிரவு 2 மணிக்குத் திரும்பினால், ஆம்ப்ளிஃபையரும் அணைக்கப்படாமல் இருந்தால், வீடு முழுவதும் எழுந்துவிடும். 'ரெஸ்டோர் பாஸ்டு' என்பதை 'யெஸ்' என்று வைத்துவிட்டால் இடத்தை நினைவில் வைத்திருக்கும், ஆனால் அப்பா கைபேசியில் அழுத்தும் வரை வாய் திறக்காது.

இதுவரை சொன்னவை எந்தக் கணினிக்கும் பொருந்தும். ஒலியைப் பற்றிச் சொல்லப்போவதில் பாதி, உங்கள் போர்டைப் பார்க்காமல் அனுபவத்திலிருந்து சொல்வது. கைபேசியில் பாட்டு ஓடுவதுபோல நொடிகள் நகரும், பெட்டியில் சத்தம் மட்டும் வராது என்ற நிலை வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ உள்ள போர்டுகளில் லினக்ஸ் அதையே முதல் ஒலி அட்டையாக எண்ணிவிடுவது உண்டு. பாட்டு, இல்லாத டிவிக்குப் போய்க்கொண்டிருக்கும். எம்பிடியின் கட்டமைப்பில் அனலாக் அட்டையை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறிப்பிடுங்கள், ஏனென்றால் மறுமுறை எழும்போது எண் மாறக்கூடும். அடுத்து, ஆல்சாமிக்ஸர் என்ற கருவியைத் திறந்தால் சில ஒலிப் பட்டைகளின் கீழே 'எம்எம்' என்று இருக்கும். வாயடைத்து வைத்திருக்கிறது என்று பொருள். எம் விசையை அழுத்தி விடுவித்து, அந்த நிலையைச் சேமிக்க வேண்டும். மூன்றாவது, அதே திரையில் இருக்கும் 'ஆட்டோ மியூட்'. முன்பக்க ஹெட்ஃபோன் சாக்கெட் துருப்பிடித்து, ஏதோ செருகியிருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருந்தால், பின்பக்கப் பச்சைச் சாக்கெட்டை அதுவே மூடிவிடும். பழைய பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

பச்சைச் சாக்கெட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் உள்ளீட்டுக்கு 3.5 மி.மீ. பின் ஒரு முனையிலும் இரண்டு ஆர்சிஏ பின் மறுமுனையிலும் உள்ள வயர் போதும். இணைத்ததும் அடித்தொண்டையில் உறுமுவதுபோல ஒரு சத்தம் நிற்காமல் கேட்டால், கணினிக்கும் ஆம்புக்கும் வெவ்வேறு இடத்து எர்த் வருவது காரணமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அடங்காவிட்டால் ஒலி வயரின் நடுவே செருகும் ஐசொலேட்டர் ஒன்று கோயம்புத்தூரில் கிடைக்கும். உறுமலை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்பவர்கள் நம் ஊரில் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள், இரும்புப் பெட்டியில் கசிவு வந்தால் அப்பாவின் கைதான் அதில் முதலில் படும். உறுமலோடு, டிஸ்க் ஓடும்போது மட்டும் கீச்சென்ற மெல்லிய சத்தமும் வந்தால் அது போர்டின் உள்ளே பிறப்பது. சாதாரண யூஎஸ்பி ஒலிக் கருவி ஒன்றைச் செருகினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நெட்வொர்க்கில் சொல்ல அதிகம் இல்லை. கணினியை ரவுட்டரோடு வயரில் இணைத்து, அதற்கு மாறாத ஒரு ஐபி முகவரியைக் கணினியிலேயே எழுதிவிடுங்கள். ரவுட்டர் தானாகப் பிறருக்குக் கொடுக்கும் எண்களின் எல்லைக்கு வெளியே அது இருக்கட்டும். கரண்ட் வந்ததும் ரவுட்டரைவிடக் கணினி முந்திக்கொண்டு எழுந்துவிட்டாலும் அப்போது முகவரிச் சிக்கல் வராது. கைபேசி மொபைல் டேட்டாவில் இல்லாமல் அதே வைஃபையில் இருக்க வேண்டும், விருந்தினர் வைஃபையிலும் இருக்கக் கூடாது. வெளியூரிலிருந்தும் இயக்கலாமே என்று 6600 ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். எம்பிடியின் கடவுச்சொல் மறைகுறியாக்கம் இல்லாமல் அப்படியே போகும், அது வீட்டுக்குள் பயன்படுத்த மட்டுமே லாயக்கு.

எல்லாம் முடிந்து அப்பா கைபேசியைத் திறக்கும்போது வரப்போகும் ஏமாற்றம் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எம்பிடி யூனிகோடை எதிர்பார்க்கிறது. பழைய எம்பி3 தொகுப்புகளின் உட்குறிப்புகள் (கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும் பாட்டின் பெயர், கலைஞர் போன்ற விவரங்கள்) பல யூனிகோடில் இல்லை. தமிழ்ப் பாடல்களில் பாமினி, டாம் போன்ற எழுத்துருக்களுக்காகத் தட்டியவையும், மலையாளத்தில் கார்த்திகா எழுத்துருவுக்காகத் தட்டியவையும் கலந்திருக்கும். அவை கைபேசியில் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாகக் குப்பை போலத் தெரியும். ஐடி3 எனப்படும் இந்த உட்குறிப்பின் முதல் வடிவம் பாட்டின் பெயருக்கு ஒதுக்குவதே 30 பைட். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆவதால் அதில் 10 குறியீடுகூடத் தாண்டாது, ஒற்றும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்பட்டால் இரண்டு சொல்லே நிறைந்துவிடும். ஆகவே திருத்த விரும்பினால் ஐடி3 இரண்டாம் வடிவத்தில் திருத்துங்கள். ஆயிரக்கணக்கான பாடல்களை உட்கார்ந்து திருத்த யாருக்கும் பொறுமை இருக்காது என்பதும் தெரியும். அதைவிட எளிது, செயலியில் கலைஞர், ஆல்பம் என்ற பட்டியல்களை விட்டுவிட்டு, கோப்புறை வழியாகப் பார்க்கும் பட்டியலைப் பயன்படுத்துவது. கோப்புறைகளுக்கு மட்டும் 'பழைய தமிழ்', 'மலையாளம்', 'பக்தி', 'நாதஸ்வரம்' என்று அப்பா சொல்லும் பெயரையே தமிழில் வைத்துவிட்டால் போதும். பெயர்கள் சரியாகத் தெரியும், தேடலும் குறையும்.

மின்செலவையும் இடியையும் ஒன்றாகச் சொல்கிறேன், இரண்டும் இந்த ஊரில் உண்மையான கவலைகள். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே சுமார் 50 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கேஎஸ்இபி (கேரள மின் வாரியம்) பில்லில் 72 யூனிட். ஆம்ப்ளிஃபையர் தனி. கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஓடவிட்டால் இதில் கால்வாசியாகக் குறையலாம். ராஸ்பெரி பை 4 போன்ற சிறு கணினி அதே வேலையை 3, 4 வாட்டில் செய்துவிடும். அப்படியானால் அதையே வாங்கச் சொல்லலாமே என்றால், முதலில் வேண்டாம் என்பதே என் கருத்து. கையில் இருப்பதை வைத்துச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள்; அப்பா தினமும் பயன்படுத்துகிறார் என்று உறுதியான பிறகு சிறு கணினிக்குப் பணம் போடலாம், அப்போது எம்பிடி கட்டமைப்பைச் சிறு மாற்றத்தோடு அதற்கு மாற்றிவிடலாம். அப்படி வாங்கும்போது ராஸ்பெரி பை 5 இல் ஹெட்ஃபோன் சாக்கெட் கிடையாது என்பதையும், பை 4 இல் இருப்பதன் ஒலி சுமார்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டுக்கும் யூஎஸ்பி ஒலிக் கருவி சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதற்கு வோலுமியோ, மூட் ஆடியோ போன்ற ஆயத்தத் தொகுப்புகளும் உண்டு, அவற்றின் உள்ளே பாடுவதும் எம்பிடிதான்.

இடியைப் பொறுத்தவரை, ஏப்ரல், மே மாதங்களின் மாலை மழையிலும் துலா (ஐப்பசி) மழைக் காலத்திலும் இங்கே விழும் இடிக்கு யூபிஎஸ், ஸ்டெபிலைசர் எதுவும் பாதுகாப்பு ஆகாது. வானம் கறுக்கும்போதே, அதாவது இடி தொடங்கும் முன்பே, பிளக்கைப் பிடுங்குவதோடு ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் வயரையும் பிடுங்க வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, நெட்வொர்க் வயர் வழியாக வந்த அதிர்ச்சியில் போர்டை இழந்தவர்கள் பலர். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை வழியாக மின்சாரம் வராது என்றாலும், ரவுட்டரின் அடாப்டர் வழியாக வந்து வயரில் தாவ முடியும்.

அணைப்பதற்குத் தனிச் செயலி தேவையில்லை. டெபியன் ஓடும் கணினியில் முன்பக்கப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி விட்டாலே அது எல்லாவற்றையும் முறையாக மூடிவிட்டு அணையும். நான்கைந்து நொடி அழுத்திப் பிடித்தால்தான் வலுக்கட்டாயமாக அணையும். 'ஒருமுறை அழுத்துங்கள், விளக்கு அணைந்த பிறகு ஸ்விட்சை அணையுங்கள்' என்று மட்டும் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும், பின்பக்கத்தில் என்னென்ன சாக்கெட் இருக்கின்றன என்பதையும் எழுதினால், பயாஸில் அந்த இரண்டு அமைப்புகள் எந்தப் பக்கத்தில் இருக்கும், எந்த ஒலி அட்டைப் பெயரை எம்பிடியில் எழுத வேண்டும் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியும்.